எட்டாம் எண் நிலையம்

போனில் அந்த வேலையைச் சொன்னதும் கடையில் நின்றபடியே கத்திவிட்டேன். எதிரே ஜூஸ் கடைக்காரர் மிக்சியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். செங்கல்பட்டு பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவளுக்குக் கத்தும்படியான வேலை எங்கே வருகிறது? பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது, கீபோர்டில் டீ கொட்டிவிட்டது, இப்படியே நாள் போய்விடும். ஆனால் அன்றைக்கு வந்தது மெயின்ஃபிரேம் வேலை.

கல்யாணத்துக்கு முன்பு நான் சென்னையில் ஒரு மெயின்ஃபிரேம் அறையில் வேலை பார்த்தவள். பீரோ மாதிரி நிற்கும் அந்த ஒரே எந்திரத்தை எல்லாரும் ஹோஸ்ட் என்போம். எங்கெங்கோ இருக்கும் கிளைகள் அதற்கு வேலையை வரி வரியாக அனுப்பும். அது முடித்துக் கொடுத்ததும், விடை அந்தந்தக் கிளையின் பிரிண்டரில் தானாக வந்து விழும். கிளையில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் சேர்ந்ததுதான் தொலை நிலையம். அந்த நிலையத்தின் ஊர் எது, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதுவும் ஹோஸ்டுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓர் எண் மட்டும்தான். எந்த எண்ணைச் சொல்லி உள்ளே நுழைகிறோமோ, அந்த எண்ணுக்கு உரியதைத் தரும்.

"அதெல்லாம் செத்துப் போன மிஷின், உனக்கு அது மேல இன்னும் என்ன காதல்?" என்று என் தம்பி கேலி செய்வான். செத்துப் போகவில்லை. மீனவர்களுக்கு விபத்துக் காப்பீடு தரும் ஓர் அலுவலகத்தில் அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர்கள்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதுவரை காப்பீட்டு அட்டைகளைச் சென்னையில் அச்சடித்துத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவை ஆடி அசைந்து வந்து சேரும். இனிமேல் குப்பத்துக் கூட்டுறவுச் சங்கங்களிலேயே நிலையம் வைத்து, அங்கேயே அச்சாகும்படி செய்ய வேண்டும் என்றார்கள். மாமல்லபுரம் பக்கம் இரண்டு சங்கங்களில் ஆறாம் எண்ணையும் ஏழாம் எண்ணையும் போட்டு முடித்தேன். மூன்றாவது நிலையம் சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில். அதற்கு ஹோஸ்டில் ஒதுக்கியிருந்த எண் எட்டு.

அந்தக் குப்பத்தில் அப்போது ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. முந்தின வருஷம் பழைய அட்டையின் கெடு முடிந்து புது அட்டை தபாலில் வந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு படகு அலையில் கவிழ்ந்து ஓர் ஆள் இறந்துபோனார். கையில் செல்லுபடியாகும் அட்டை இல்லை என்று குடும்பத்துக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: எல்லார் கையிலும் புது அட்டை வந்த பிறகுதான் படகு தள்ள வேண்டும், ஒருவருக்கு வராவிட்டாலும் யாரும் போகக் கூடாது. இந்த வருஷம் கெடு முடிந்துவிட்டது. மாமல்லபுரத்துப் பக்கக் குப்பங்கள் என் ஆறிலும் ஏழிலும் அட்டையை வாங்கிக்கொண்டு போய் நெத்திலியை அள்ளிக்கொண்டிருந்தன. சதுரங்கப்பட்டினத்துக்காரர்கள் மணலில் உட்கார்ந்து அடுத்த ஊர் படகுகளை வேடிக்கை பார்த்தார்கள்.

திருக்கழுக்குன்றம் வழியாக ஸ்கூட்டியில் நான் போய் இறங்கியபோது சங்க வாசலில் பெரிய கூட்டம். ஏதோ மந்திரி வந்த மாதிரி வழி விட்டார்கள். சங்கத்தில் கணக்கு எழுதும் பெண் ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். குப்பத்துப் பெண், பி.காம் படித்தவள், எதைச் சொன்னாலும் சட்டென்று பிடித்துக்கொள்வாள். நிலையத்தை அவள்தான் நடத்தப் போகிறாள்.

"அக்கா, இன்னிக்கு வந்துருமா? எங்க வூட்டுக்காரு வலைய தோள்ல போட்டுகினு நிக்கறாரு. வூட்ல அவரு தொல்லை தாங்க முடியல" என்றாள்.

"வரலன்னா நானே அச்சடிச்சுக் குடுத்துட்டுப் போறேன், போதுமா?" என்றேன். எனக்கு அப்படி ஒரு குஷி.

ஊரில் இருக்கும் பழைய டச்சுக் கோட்டைச் சுவரை ஒட்டி வந்த இணைய வயரைக் கம்ப்யூட்டரில் சொருகி, ஹோஸ்டின் முகவரியைக் கொடுத்தேன். நிலையத்தின் எண், கடவுச்சொல், பிரிண்டரில் ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்று ஒவ்வொன்றாக நிரப்பினேன். எல்லா நிலையங்களுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தார்கள், சோம்பேறிகள். ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, எதற்கு இது, எதை மாற்றினால் என்ன ஆகும், எப்படி ஹோஸ்டிலிருந்து வெளியே வந்து மறுபடி நுழைவது என்று சொல்லிக்கொடுத்தேன். நாளைக்கு ஏதாவது ஆனால் செங்கல்பட்டிலிருந்து நான் ஓடி வர முடியாது.

முதல் சோதனையில் பிரிண்டர் கக்கியது வெறும் குப்பை. கேள்விக்குறியும் நட்சத்திரமும் உடைந்த கோடுகளுமாக ஒரு பக்கம். வாசலில் நின்ற ஒரு பெரியவர் அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "இன்னா பாஷைமா இது?" என்றார். நான் சிரித்தேன். எனக்கு அந்தக் குப்பையே இனித்தது, ஏனென்றால் ஹோஸ்ட் பேசிவிட்டது! எழுத்துகளை அது குறித்துக்கொள்ளும் முறை வேறு, நம் கம்ப்யூட்டரின் முறை வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மாற்று அட்டவணையை நான் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தேன். அதைச் சரிசெய்து மறுபடி ஒரு சோதனை வேலையை அனுப்பினேன். பிரிண்டர் கொஞ்சம் யோசித்தது. பிறகு கடகடவென்று ஒரு முகப்புத் தாளைத் தள்ளியது. தாள் முழுக்கப் பெரிதாக எட்டு என்ற எண். அதன் பின்னால் நான் அனுப்பிய வரிகள், ஓர் எழுத்து பிசகாமல்.

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தேன். இத்தனை வயதில் குதிப்பதா என்றெல்லாம் தோன்றவில்லை. அந்தப் பெண்ணும் குதித்தாள். எதற்கென்று தெரியாமல் வாசலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அசல் அட்டைகளை மூன்று மணிக்கு அனுப்புகிறோம் என்று சென்னை அலுவலகம் சொல்லியிருந்ததால் நான் நிம்மதியாகப் பக்கத்து மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனேன். சங்கரா மீன் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சோதனை வேலையை அனுப்பினேன். அதுவும் சமர்த்தாக வந்தது. முகப்புத் தாளை உருவி, காலையில் வந்ததோடு சேர்த்துக் கூடையில் போட்டுவிட்டு அட்டைக் காகிதத்தைப் பிரிண்டரில் ஏற்றினேன்.

மூன்று மணி ஆயிற்று. பிரிண்டர் அசையவில்லை. ஜன்னலில் முகங்கள் கூடிக்கொண்டே போயின. நான் வயரை அசைத்துப் பார்த்தேன். பிரிண்டரை அணைத்துப் போட்டேன். திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. என் குஷியெல்லாம் வற்றிக் காது சூடேறத் தொடங்கியது. ஹோஸ்ட் அறைக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த ஆபரேட்டர் ரொம்ப அமைதியான ஆள். கோபத்தில் இருக்கும்போது அமைதியான ஆளிடம் பேசுவது பெரிய தண்டனை.

"உங்க கார்டெல்லாம் ரெடியா இருக்கு மேடம். எடுத்துக்க அங்க ஆள் இல்லை" என்றார்.

"ஆள் இல்லையா? நான் இங்க மலை மாதிரி உக்காந்திருக்கேன்!"

"எட்டாம் நம்பர் சைன் ஆன் ஆகலை மேடம்."

"ஆகியிருக்கு சார். இப்பதான் டெஸ்ட் போட்டேன், வந்துச்சு."

அவர் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. "ஒன்பதுல யாரோ உள்ள இருக்காங்க. அது யார் மேடம், நீங்களா?"

நான் போனைக் காதில் வைத்தபடியே கூடையைக் கவிழ்த்தேன். காலையில் வந்த முகப்புத் தாளில் பெரிய எட்டு. சாப்பிட்டுவிட்டு வந்து போட்ட சோதனையின் முகப்புத் தாளில் பெரிய ஒன்பது. எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. சோதனை வேலை இங்கிருந்து போவதால், யார் அனுப்பினார்களோ அவர்களுக்கே திரும்பி வரும். ஒன்பதாகப் போனது ஒன்பதுக்கே வந்தது. ஆனால் அட்டைகள் ஹோஸ்டிலேயே தயாராகி, எட்டு என்று விலாசம் போட்டு நிற்கின்றன. எட்டு வந்து கேட்காத வரைக்கும் அவை நகராது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. அடுத்த கணம் இதை மாற்றியது யார் என்ற கேள்வி வந்தது. திரும்பிப் பார்த்தேன். கணக்கு எழுதும் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ சாப்டப் போனப்போ தலிவரு வந்தாரு, அக்கா. இது இன்னா நம்பருன்னாரு. எட்டுன்னேன். வாணாம், ஒம்பது போடுன்னாரு. நீ சொல்லிக்குடுத்தியே, அதே மாரி வெளிய வந்து, மாத்திட்டு, உள்ள போனேன்."

ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று என்னையே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான். தலைவர் என்பது சங்கத் தலைவர். ஐம்பதைத் தாண்டிய, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் குப்பத்தில் மறுவார்த்தை இல்லை. அப்போதும் கதவருகில்தான் நின்றார். எனக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பது யார் என்றெல்லாம் தெரியாது.

"அண்ணே, இது என்ன லாரி நம்பர் பிளேட்டா, கூட்டிப் பாத்து வாங்கறதுக்கு? ஊரே வெளிய காத்துக் கெடக்குது. உங்க ஒரு நம்பர் பைத்தியத்துல எல்லார் அட்டையும் அங்க மாட்டிக்கிட்டு நிக்குது!"

நான் போனுக்குத் திரும்பினேன். அங்கே காத்திருக்கும் அட்டைகளை எட்டிலிருந்து ஒன்பதுக்குத் திருப்பிவிடுங்கள், ஒரு வரி கட்டளைதானே என்று ஆபரேட்டரிடம் கேட்டேன்.

"அது முடியாது மேடம். ஒவ்வொரு கார்டுலயும் ஆளோட முழு விவரம் இருக்கு. யாருக்கும் ஒதுக்காத நம்பருக்கு நான் திருப்பிவிட்டா என் வேலை போயிரும். நம்பர் மாத்தணும்னா எழுதிக் குடுங்க, அடுத்த வாரம் பாக்கலாம்."

"ஒன்பதை உள்ள விடும்போது இந்தச் சட்டமெல்லாம் தூங்கிட்டிருந்துச்சா?" என்றேன். ஆனாலும் அவர் சொன்னது நியாயம்தான், நானாக இருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் என்ற வார்த்தை ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. "அட்த்த வாரமா? நெத்திலி அதுவரிக்கும் நமக்காவ காத்துகினு கீதா?" என்று ஒரு குரல் எழுந்தது. தலைவர் மெதுவாக உள்ளே வந்து என் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நீ கோவப்படறது நாயம்தாம்மா" என்றார். "போன வருசம் போனது என் தம்பி. அவன் படகு நம்பரக் கூட்டுனா எட்டு. வாணாம்டா, வேற நம்பரு கேட்டு வாங்குன்னு தலபாடா அடிச்சிகினேன். சிரிச்சான். இப்போ ஊர்ல கீற அத்தினி பேரு அட்டையும் எட்டுல வருதுன்னா, எனுக்கு மனசு ஒப்பலமா. இன்னா பண்ண சொல்ற?"

உங்கள் தம்பிக்கு உதவாமல் போனது எண் இல்லை அண்ணே, அட்டைதான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்களை நான் எத்தனையோ பேரைக் கேலி செய்திருக்கிறேன். இவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை, ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஹோஸ்டுக்கோ எட்டைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது.

"அண்ணே, எட்டு இல்லன்னா இன்னிக்கு அட்டை இல்ல. அட்டை இல்லன்னா படகு இல்ல. நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கணக்கு எழுதும் பெண் மெதுவாகக் கீபோர்டுக்குக் கை நீட்டினாள்.

"நீ கைய வைக்காத" என்றார் தலைவர். "உன் வூட்டுக்காரன் கடலுக்குப் போறவன்."

"சரி, நான் போடறேன். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றேன்.

"நீயும் வாணாம். நீ புள்ளகுட்டிக்காரி. தள்ளு." ஸ்டூலை இழுத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டார். "மொதல்ல ஒம்பத வெக்க சொன்னது நானு. எட்டையும் நானே வெக்கறேன். எது வந்தாலும் எனுக்கு வரட்டும். எங்கம்மா அமுக்கணும்?"

ஒன்பதிலிருந்து வெளியே வந்து, நுழையும் வரியை அவர் முன்னால் திறந்து வைத்தேன். நங்கூரக் கயிறு இழுத்துக் காய்ச்சுப்போன விரல் அது. ஒரு சாவியைத் தொட்டால் பக்கத்துச் சாவியும் சேர்ந்து இறங்கியது. எட்டோடு ஏழும் விழுந்தது, அழித்தோம். மறுபடி வைத்தார். இந்த முறை எட்டு மட்டும். "இப்ப பெரிசா இருக்குதே, அந்த பட்டன்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

திரையில் எட்டாம் நிலையம் உள்ளே வந்துவிட்டது என்று ஒரு வரி. பிரிண்டர் கடக் என்றது. பிறகு பாருங்கள், அது நிற்கவே இல்லை! அட்டை, அட்டை, இன்னோர் அட்டை. அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கிழித்து உரக்கப் படித்தாள். ஜன்னல் வழியாகக் கைகள் நீண்டன. ஹோஸ்ட் தன் வழக்கப்படி நீளமான பெயர்களை வெட்டிப் பாதியோடு நிறுத்தியிருந்தது. ஒருவருக்கு அப்பா பெயரில் முக்கால்வாசி காணோம். "எங்கப்பன முழுசா குடுக்க சொல்லுமா" என்று அவர் கேட்க, கடற்கரை மொத்தமும் சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். மின்சாரம் போய்விடக் கூடாதே, பிரிண்டர் மை தீர்ந்துவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் துஆ செய்துகொண்டே சிரித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசி அட்டை வரை வந்தது.

கடலுக்குப் போகாவிட்டாலும் சங்க உறுப்பினர் எல்லாருக்கும் அட்டை உண்டு. தலைவரின் அட்டையும் வந்தது. தம்பி போன பிறகு அவர் கடலில் கால் வைக்கவில்லை என்று அந்தப் பெண் என்னிடம் சொல்லியிருந்தாள். அவர் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"காத்தால எல்லாரும் தள்ளலாம்" என்றார். "எட்ட வெச்சவன் நானு. மொத படகுல நான்தான் போவேன். எனுக்குப் பின்னாலதான் மத்த படகு."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

மறுநாள் காலையில் எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. இருந்தாலும் சுபுஹு தொழுதுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பிரிண்டரை ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொன்னதை யாரும் நம்பவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது படகுகள் எல்லாம் போயிருந்தன. சங்க வாசலில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் கரையிலேயே இருந்தோம். வெயில் ஏறியது. ஒவ்வொரு படகாகத் திரும்பியது. எல்லாவற்றிலும் நெத்திலி, வெள்ளி வெள்ளியாக. பெண்கள் கூடையோடு ஓடினார்கள், ஏலம் போடும் சத்தம் காதைப் பிளந்தது. அவளுடைய புருஷனும் வந்துவிட்டான். தலைவரின் படகைக் காணோம்.

நான் எழுந்து நின்றுகொண்டேன். எண்ணிலெல்லாம் என்ன இருக்கிறது என்று நேற்று வீராப்பாகப் பேசியவள், இப்போது அந்த எண் நினைவுக்கு வரக் கூடாது என்று எதையெதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். மீனைப் பற்றி அந்தப் பெண் என்னவோ கேட்டாள், என் காதில் எதுவும் ஏறவில்லை. வடக்கே வெகு தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. கிட்டே வர வர, அதன் முனையில் கதவை அடைக்கிற அந்த உருவம் தெரிந்தது. நான் செருப்போடு தண்ணீருக்குள் ஓடிவிட்டேன்.

தலைவர் குதித்து இறங்கி என் முகத்தைப் பார்த்தார். "இன்னாமா, அழுவுற?"

"ஆமா, அழறேன். ஏன் இவ்ளோ நேரம்? எனக்குப் பயமாப் போச்சு."

"எல்லாம் திரும்பிட்டானுங்களான்னு பாத்துட்டு அப்பறமா வந்தேன்" என்றார். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அட்டையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனுக்கும்தாம்மா பயம். போயி வர்ற வரிக்கும் பயந்துகினேதான் இருந்தேன்."